இலை உதிர்வதாலா இறந்தவர்களை நினைக்கிறார்கள்?

 

இது கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள்.

ஒக்டோபர் மாதக் கடைசி வாரம் நெருங்கினால் நமது வாட்ஸ்அப் குழுக்களில் இரண்டு வகைச் செய்திகள் சுற்றத் தொடங்கிவிடும். ஒன்று, "ஹலோவீன் சைத்தானின் பெருநாள், பிள்ளைகளைக் காப்பாற்றுங்கள்" என்பது. மற்றது, "மூவாயிரம் வருடப் பழைமையான கெல்டிக் திருநாளைக் கிறிஸ்தவர்கள் திருடிக்கொண்டார்கள்" என்பது. இரண்டையும் அனுப்புபவர்கள் பெரும்பாலும் ஒரே ஆட்கள்தான். இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லையே என்று யாரும் யோசிப்பதில்லை.

போன வருடம் தரம் 9 பிள்ளை ஒருவர் கேட்ட கேள்வி இவற்றை விடப் பெறுமதியானது. "சேர், ஐரோப்பா, மெக்சிக்கோ, சீனா, இந்தியா எல்லா இடத்திலும் ஏன் கிட்டத்தட்ட ஒரே காலத்தில் மௌத்தானவர்களை நினைக்கிறார்கள்? இலையெல்லாம் உதிர்கிற காலம் என்பதாலா?"

அழகான ஊகம். மரம் இலையை இழக்கிறது, மனிதன் இழந்தவர்களை நினைக்கிறான். பல பிரபலமான நூல்களும் இப்படித்தான் எழுதியிருக்கின்றன. ஆனால் ஒவ்வொரு நாளுக்கும் எழுத்து ஆதாரம் எங்கே தொடங்குகிறது என்று பார்த்துக்கொண்டு போனால் வேறொரு கதை கிடைக்கிறது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

1. முதலில், அது எல்லோருக்கும் இலையுதிர்காலம் அல்ல

பண்டைய உரோமர்கள் தங்கள் மூதாதையருக்கு உணவு படைத்த நாட்கள் பெப்ரவரி 13 முதல் 21 வரை. பாரென்டாலியா என்று பெயர். இது தவிர மே மாதம் 9, 11, 13 ஆகிய இரவுகளில் வீட்டுத் தலைவர் கறுப்பு அவரை விதைகளை எறிந்து, அலையும் ஆவிகளை வெளியேற்றும் சடங்கும் இருந்தது. பண்டைய ஏதென்ஸ் நகரத்தவர்களும் இறந்தவர்களுக்கான தங்கள் நாளை இளவேனில் தொடங்கும் காலத்தில் வைத்திருந்தார்கள். சீனர்கள் மூதாதையரின் கல்லறைகளைத் துப்புரவு செய்யும் சிங்மிங் நாள் இன்றும் ஏப்ரல் மாத ஆரம்பத்தில் வருகிறது.

ஆகவே இலை உதிர்வதைக் கண்டு மனிதன் தானாகவே இறந்தவர்களை நினைக்கத் தொடங்கினான் என்ற பொது விதி எதுவும் இல்லை. இலையுதிர்காலத்தில் வரும் ஒவ்வொரு நினைவு நாளுக்கும் தனித்தனிக் காரணம் இருக்கிறது. அந்தக் காரணங்களில் பலவற்றை இன்று வரைக்கும் படித்துப் பார்க்க முடியும். அதுதான் வரலாற்றுப் பாடத்தின் சுவையே.

2. நவம்பர் 1: அயர்லாந்து தந்த நாளா?

ஐரோப்பாவின் கதை மே மாதத்தில் தொடங்குகிறது. கி.பி. 609 மே 13ஆம் திகதி பாப்பரசர் நான்காம் பொனிபாஸ், உரோமில் இருந்த பழைய பந்தியோன் கோயிலை மரியாளுக்கும் வேதசாட்சிகளுக்குமான தேவாலயமாக அர்ப்பணித்தார். அதன் ஆண்டு நினைவும் மே 13இலேயே கொண்டாடப்பட்டது.

நவம்பர் 1 எங்கிருந்து வந்தது? கி.பி. 800ஐ ஒட்டிய காலத்தில் இங்கிலாந்தின் வடபகுதியான நோர்தம்பிரியாவிலும், இன்றைய ஒஸ்திரியாவில் உள்ள சால்ஸ்பர்க்கிலும் சகல புனிதர்கள் திருநாள் நவம்பர் 1இல் அனுசரிக்கப்படுவதைக் காண்கிறோம். நோர்தம்பிரியாவைச் சேர்ந்த அறிஞர் அல்குவின், தன் நண்பரான சால்ஸ்பர்க் பேராயர் ஆர்னோவிடம் இந்த நாளைச் சிறப்பாக அனுசரிக்கும்படி வலியுறுத்தியிருக்கிறார். பிறகு 835இல் பக்திமான் லூயி எனப்பட்ட பிராங்கியப் பேரரசர் இதைத் தன் ஆட்சிப்பகுதி முழுவதற்கும் உரிய நாளாக்கினார் என்று மரபாகச் சொல்லப்படுகிறது.

இப்போது வாட்ஸ்அப் செய்திக்கு வருவோம். நவம்பர் 1 பழைய அயர்லாந்தில் முக்கியமான நாள் என்பது உண்மைதான். அதற்குச் சவ்வின் என்று பெயர். குளிர்காலத்தின் முதல் நாள் அது. மாடுகளை மேய்ச்சல் நிலத்திலிருந்து இறக்கிக் கொண்டுவருவார்கள், அரசர்கள் சபை கூட்டுவார்கள், விருந்து நடக்கும். இடைக்கால ஐரிஷ் கதைகளில் அந்த இரவில் மாய உலகத்தின் மேடுகள் திறந்துகொள்ளும். ஆனால் அந்தப் பழைய கதைகளில் அது குடும்பத்தில் இறந்தவர்களுக்கு மரியாதை செய்யும் நாளாகக் காட்டப்படவில்லை. கெல்டிக் மக்களின் புத்தாண்டு, இறந்தோர் திருநாள் என்ற கருத்துகளைப் பரப்பியவர்கள் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் எழுதிய ஜோன் ரீஸ், ஜேம்ஸ் பிரேசர் போன்ற அறிஞர்கள். அவர்கள் தம் காலத்து நாட்டுப்புற வழக்கங்களைப் பார்த்து, அவற்றிலிருந்து பின்னோக்கி ஊகித்தார்கள். பிரித்தானிய வரலாற்றாசிரியர் ரொனால்ட் ஹட்டன் 1996இல் வெளியிட்ட நூலில் இந்த ஊகத்தின் பலவீனத்தை விரிவாக எடுத்துக்காட்டினார்.

எனக்கு மிகவும் பிடித்த ஆதாரம் ஒன்று உண்டு. கி.பி. 800ஐ ஒட்டி அயர்லாந்திலேயே எழுதப்பட்ட புனிதர் நாட்காட்டிகள் இருக்கின்றன. அவற்றில் சகல புனிதர்களின் நாள் ஏப்ரல் 20ஆம் திகதியில் இருக்கிறது. அதாவது, சவ்வினை மறைக்கத்தான் திருச்சபை நவம்பர் 1ஐத் தேர்ந்தது என்றால், அந்தத் தேவை அதிகம் இருந்திருக்க வேண்டிய நாடே அந்த நாளைப் பயன்படுத்தவில்லை! ஐரிஷ் குளிர்காலக் கதைகளும் திருச்சபையின் திருநாளும் பின்னர் ஒரே திகதியில் சந்தித்தன, ஒன்றோடொன்று கலந்தன. ஒன்று மற்றதைத் திருடியது என்று சொல்ல ஆதாரம் போதாது.

12ஆம் நூற்றாண்டில் எழுதிய ஜோன் பெலெத் என்ற இறையியலாளர் திகதி மாறியதற்கு ஒரு காரணம் சொல்கிறார். மே மாதத்தில் உரோமுக்கு வரும் யாத்திரிகர்களுக்கு உணவு போதவில்லையாம், அறுவடைக்குப் பிறகு தானியமும் திராட்சை இரசமும் தாராளமாகக் கிடைக்கும் என்பதால் நாளைத் தள்ளி வைத்தார்களாம். இது நடந்து சில நூற்றாண்டுகளுக்குப் பின் சொல்லப்பட்ட விளக்கம். ஆனாலும் இந்த "உணவு" என்ற சொல்லை ஞாபகத்தில் வைத்திருங்கள். திரும்பத் திரும்ப வரப்போகிறது.

3. நவம்பர் 2: ஒரு மடாதிபதியின் கட்டளை

நவம்பர் 1 புனிதர்களுக்கு. சாதாரண மனிதர்கள் இறந்தால்? என் உம்மா, உங்கள் அம்மம்மா போன்றவர்களுக்கு எந்த நாள்?

அதற்கான விடை பிரான்சில் உள்ள குளூனி மடத்திலிருந்து வந்தது. 994 முதல் 1049 வரை அங்கே மடாதிபதியாக இருந்த ஒடிலோ, தன் ஆளுகையில் இருந்த மடங்கள் எல்லாவற்றுக்கும் ஒரு கட்டளை அனுப்பினார். காலம் ஏறத்தாழ 1030. சகல புனிதர்கள் திருநாளுக்கு மறுநாள், மரித்த விசுவாசிகள் அனைவருக்காகவும் மணி அடிக்க வேண்டும், பூசை ஒப்புக்கொடுக்க வேண்டும், ஏழைகளுக்கு உணவளிக்க வேண்டும் என்பது அந்தக் கட்டளை. குளூனிக்கு ஐரோப்பா எங்கும் கிளை மடங்கள் இருந்ததால் வழக்கம் வேகமாகப் பரவியது.

இதைச் சுற்றி ஒரு கதையும் வளர்ந்தது. எருசலேமிலிருந்து திரும்பிய யாத்திரிகர் ஒருவர் கடலில் திசை மாறி ஒரு துறவியைச் சந்திக்கிறார். அருகில் நெருப்புக் கக்கும் இடம் ஒன்று உண்டு. அங்கே வேதனைப்படும் ஆன்மாக்களின் அழுகையைத் துறவி கேட்டிருக்கிறார். குளூனி மடத்தாரின் பிரார்த்தனையாலும் தர்மத்தாலும் ஆன்மாக்கள் தங்கள் கையை விட்டுப் போகின்றன என்று பிசாசுகள் முறையிடுவதையும் கேட்டிருக்கிறார். "போய் உங்கள் நாட்டு மடத்தாரிடம் சொல்லுங்கள்" என்கிறார். ஒடிலோவின் வரலாற்றை எழுதிய அவருடைய சீடர் ஜொட்சால்ட் இதைப் பதிவு செய்திருக்கிறார். கதை கதைதான். ஆனால் அந்தக் காலத்து மக்களின் மனம் அதில் தெரிகிறது. இறந்தவருக்கு நம்மால் இன்னும் ஏதாவது செய்ய முடியும் என்ற நம்பிக்கை அது.

பிறகு 12ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் "உத்தரிக்கிற ஸ்தலம்" என்பது தனிப்பெயர் கொண்ட ஓர் இடமாக எழுத்துகளில் வரத் தொடங்கியது. இங்கிலாந்தில் நவம்பர் தொடக்கத்தில் ஏழைகளும் பிள்ளைகளும் வீடு வீடாகப் போவார்கள். வீட்டுக்காரர் "ஆன்மா கேக்" எனப்பட்ட சின்னப் பணியாரம் கொடுப்பார். வாங்கியவர் அந்த வீட்டில் இறந்தவர்களுக்காகப் பிரார்த்திப்பார்.

4. தடை செய்தால் நின்றுவிடுமா?

16ஆம் நூற்றாண்டில் புரட்டஸ்தாந்து சீர்திருத்தம் வந்தது. உத்தரிக்கிற ஸ்தலம் வேதத்தில் இல்லை, இறந்தவர்களுக்காகப் பிரார்த்திப்பதில் பயனில்லை என்றார்கள். இங்கிலாந்தில் 1547இல் நிறைவேறிய சட்டம், இறந்தோருக்குப் பூசை சொல்வதற்காக மக்கள் எழுதி வைத்திருந்த அறக்கட்டளைகளை ஒழித்து, சொத்துகளை முடிக்கு எடுத்துக்கொண்டது. 1549இல் வந்த புதிய பிரார்த்தனை நூலில் நவம்பர் 2 இல்லை. சகல புனிதர்கள் திருநாளின் இரவில் மணி அடிக்கவும் தடை வந்தது.

ஆனால் பல ஊர்களில் மக்கள் களவாக மணி அடித்தார்கள். அதற்காக விசாரிக்கப்பட்ட ஆட்களின் விபரங்கள் திருச்சபை நீதிமன்றப் பதிவுகளில் இருக்கின்றன. ஆன்மா கேக் கேட்டு வீடு வீடாகப் போகும் வழக்கம், அதன் பிரார்த்தனையை இழந்த பின்னும் சில ஆங்கில மாவட்டங்களில் 19ஆம் நூற்றாண்டைத் தாண்டியும் நீடித்தது.

அயர்லாந்து, ஸ்கொட்லாந்து மக்கள் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தபோது, குறிப்பாக 1845இல் தொடங்கிய ஐரிஷ் உருளைக்கிழங்குப் பஞ்சத்திற்குப் பின், அந்த இரவின் விளையாட்டுகளும் அவர்களோடு போயின. அங்கே டர்னிப் கிழங்கு விளக்குக்குப் பதிலாகப் பூசணி விளக்கு வந்தது. இனிப்புத் தருகிறாயா, குறும்பு செய்யட்டுமா என்று பிள்ளைகள் கேட்கும் அந்தப் பிரபலமான ஆங்கிலச் சொற்றொடர் 1920களின் கனடாப் பத்திரிகைகளில் காணப்படுகிறது. அதாவது, இன்று நாம் "ஆதிகால வழக்கம்" என்று பயப்படும் ஹலோவீனின் பெரும்பகுதிக்கு வயது நூறு வருடத்தைச் சற்றுத் தாண்டுகிறது. அவ்வளவுதான்!

5. மெக்சிக்கோ: ஓகஸ்டிலிருந்து நவம்பருக்கு

மெக்சிக்கோவின் இறந்தோர் நாளைப் பற்றியும் "மூவாயிரம் வருட அஸ்டெக் வழக்கம்" என்று எழுதுகிறார்கள். அஸ்டெக் அரசே அவ்வளவு பழையது அல்ல. அவர்களின் தலைநகர் ஸ்பானியரிடம் வீழ்ந்தது 1521இல்.

அஸ்டெக் நாட்காட்டியில் 20 நாட்கள் கொண்ட 18 மாதங்கள் இருந்தன. அவற்றில் ஒன்பதாவது மாதம் "இறந்தோரின் சிறு விருந்து", பத்தாவது மாதம் "இறந்தோரின் பெரு விருந்து" என்று அழைக்கப்பட்டன. இவை நமது கணக்கில் ஓகஸ்டை ஒட்டி வந்தன. நவம்பரில் அல்ல.

1570களில் அங்கே வாழ்ந்த டியேகோ துரான் என்ற தொமினிக்கன் துறவி ஒரு விடயத்தைக் கவனித்தார். சகல புனிதர்கள் திருநாளன்று பூர்வீக மக்கள் இறந்த குழந்தைகளுக்காகப் படையல் வைத்தார்கள். மறுநாள் பெரியவர்களுக்காக வைத்தார்கள். ஏன் இப்படிப் பிரிக்கிறீர்கள் என்று கேட்டபோது, அது தங்கள் பழைய வழக்கம் என்றார்கள். பழைய சிறு விருந்தும் பெரு விருந்தும் இரகசியமாகத் திகதி மாறி வந்து நிற்கின்றன என்று துரான் சந்தேகப்பட்டார். அவர் அதைக் குற்றமாக எழுதினார். இன்று அந்தக் குற்றச்சாட்டுத்தான் நமக்குச் சாட்சியாக மிஞ்சியிருக்கிறது.

இந்த இடத்தில் நம் பிள்ளைகளை ஒரு நிமிடம் நிறுத்தி யோசிக்கச் சொல்ல வேண்டும். 1545இலும் 1576இலும் மெக்சிக்கோவைத் தாக்கிய பெருநோய்களில் ஊர்கள் முழுதாக அழிந்தன. துரான் எழுதிக்கொண்டிருந்தது அந்த நாட்களில்தான். அந்தப் படையல்களை வைத்தவர்கள் விழாக் கொண்டாடிக்கொண்டிருக்கவில்லை. தங்கள் பிள்ளைகளைப் புதைத்துவிட்டு வந்தவர்கள் அவர்கள். தங்களுக்கு அனுமதிக்கப்பட்ட ஒரே நாளில் அழுதார்கள்.

மெக்சிக்கோவில் நவம்பர் என்பது சோள அறுவடை முடியும் காலம். ஆகவே திகதி ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வந்தாலும், படைக்கும் உணவு அந்த மண்ணுடையதாக இருந்தது. படையலை அலங்கரிக்கும் மஞ்சள் செவ்வந்தியும் அந்த மண்ணின் பூதான். நமது நாட்டில் சிங்களத்தில் தாஸ்பெத்தியா என்று சொல்வார்களே, அந்தப் பூவின் தாயகம் மெக்சிக்கோ.

தொப்பி அணிந்த பிரபலமான எலும்புக்கூட்டுச் சீமாட்டியை வரைந்தவர் 1913இல் காலமான ஹொசே குவாதலூப்பே பொசாதா. மேல்நாட்டு நாகரிகத்தைப் பின்பற்றுபவர்களைக் கிண்டல் செய்யத்தான் வரைந்தார். 2008இல் யுனெஸ்கோ இறந்தோர் நாளை மானுடத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. 2015இல் வெளிவந்த ஜேம்ஸ் பொண்ட் படத்திற்காக மெக்சிக்கோ நகரில் ஒரு பெரிய ஊர்வலக் காட்சியைக் கற்பனையாக அமைத்தார்கள். அதைப் பார்த்து அடுத்த வருடம் நகர நிர்வாகமே உண்மையான ஊர்வலத்தை நடத்தத் தொடங்கிவிட்டது. ஒரு "மரபு" பிறப்பதை நம் கண்ணாலேயே பார்த்திருக்கிறோம்.

6. சீனா: இந்திய மழை குறித்த நாள்

சீனர்களின் ஏழாவது சந்திர மாதம்தான் அவர்களின் இலையுதிர்காலத்தின் முதல் மாதம். அதன் 15ஆம் நாள் பௌர்ணமியில் பசித்த ஆவிகளுக்கான நாள் வருகிறது. ஏன் அந்த நாள்?

விடை நமது நாட்டவருக்கு உடனே விளங்கும். மழைக்காலத்தில் பௌத்த பிக்குகள் பயணம் செய்யாமல் ஒரே இடத்தில் தங்கும் வஸ் காலத்தை நாம் அறிவோம். முடிவில் கட்டின பிங்கம நடப்பதையும் பார்க்கிறோம். இந்த வழக்கம் பருவமழை பெய்யும் இந்தியாவில் பிறந்தது. அது சீனாவுக்குப் போனபோது, மூன்று மாதத் தங்கலின் முடிவு அவர்களின் ஏழாம் மாதப் பௌர்ணமியில் வந்தது.

சீன பௌத்தர்களிடையே பரவிய சூத்திரம் ஒன்று, புத்தரின் சீடரான மொகல்லானரின் கதையைச் சொல்கிறது. அவருடைய இறந்துபோன தாய் பசித்த பிரேதமாகத் துன்பப்படுகிறார். மகன் கொடுக்கும் சோறு வாய்க்கு அருகில் போனதும் நெருப்பாகிவிடுகிறது. தங்கல் முடிந்து வரும் பிக்குகளுக்குத் தானம் கொடு, அந்தப் புண்ணியம் தாயைச் சேரும் என்கிறார் புத்தர். 6ஆம் நூற்றாண்டில் சொங் லின் என்பவர் எழுதிய பருவகால வழக்கங்கள் பற்றிய நூலில், மக்கள் அந்த நாளில் விகாரைகளுக்குப் படையல் கொண்டுபோவது பதிவாகியிருக்கிறது. 657இல் யப்பானிய அரச சபையும் இதை நடத்தியது. யப்பானியர்களின் ஒபொன் அதுதான். 1873இல் யப்பான் மேற்கத்திய நாட்காட்டிக்கு மாறியதால் இன்று டோக்கியோவில் அது ஜூலையிலும், நாட்டின் பெரும்பகுதியில் ஓகஸ்டிலும் வருகிறது. நாள் எவ்வளவு எளிதாக நகர்கிறது பாருங்கள்!

7. அல் பிரூனியின் கண்

இனி நம்மவர் ஒருவர். அபூ ரைஹான் அல் பிரூனி 973இல் குவாரிஸ்மில் பிறந்தவர். ஏறத்தாழ கி.பி. 1000இல் அவர் எழுதிய பண்டைய சமூகங்களின் நாட்காட்டிகள் பற்றிய நூலில், பாரசீகர்கள் ஆண்டின் குறிப்பிட்ட நாட்களில் இறந்தவர்களுக்காக உணவும் பானமும் வைப்பதையும், சுக்த் மக்கள் தங்கள் ஆண்டின் முடிவில் இறந்தவர்களை எண்ணி அழுவதையும் எழுதுகிறார். பிறகு 1030ஐ ஒட்டி எழுதிய இந்தியா பற்றிய நூலில், இந்துக்கள் முன்னோர்களின் பெயரால் 15 நாட்கள் தர்மம் கொடுக்கும் பித்ருபட்சத்தைக் குறிப்பிடுகிறார். மழைக்காலம் ஓயும் வேளையில், மகாளய அமாவாசையோடு முடியும் நாட்கள் அவை. நமது நாட்டு இந்துக்கள் தந்தைக்காக ஆடி அமாவாசையிலும் தாய்க்காகச் சித்திரைப் பௌர்ணமியிலும் விரதமிருப்பதை நாம் அறிவோம். ஒரே சமயத்துக்குள்ளும் நாட்கள் பல.

பிரான்சில் ஒடிலோ தன் கட்டளையை எழுதிய அதே காலத்தில், கஸ்னியில் இருந்துகொண்டு அல் பிரூனி இதை எழுதினார். ஒருவர் பெயர் மற்றவருக்குத் தெரியாது. ஆனால் இருவர் எழுத்திலும் ஒரே செய்தி: இறந்தவர் பெயரால் ஏழைக்குக் கொடுப்பது.

அல் பிரூனி தன் மார்க்கத்தில் உறுதியானவர். மற்றவர்களின் வழக்கத்தை எழுதும்போது அவர்கள் சொல்வதை அவர்கள் சொல்வது போலவே எழுதுவேன் என்ற கொள்கையையும் விடாதவர். ஓர் ஆசிரியனுக்கு இதை விடச் சிறந்த முன்மாதிரி எது?

ஒரு சின்னக் கணக்கையும் சேர்த்துவிடுகிறேன். நமது ஹிஜ்ரி ஆண்டு ஏறத்தாழ 354 நாட்கள். சூரிய ஆண்டை விட 11 நாட்கள் குறைவு. அதனால் நமது எந்த நாளும் ஒரு பருவகாலத்தில் தங்காது. சுமார் 33 வருடத்தில் எல்லாப் பருவங்களையும் சுற்றி வந்துவிடும். "முஸ்லிம்களுக்கு ஏன் இலையுதிர்கால நாள் இல்லை?" என்ற கேள்விக்கு இந்தக் கணக்கே பாதி விடை.

8. ஆகவே, இலை உதிர்வதாலா?

இல்லை. நாளைக் குறித்தது ஓரிடத்தில் பேரரசர், ஓரிடத்தில் மடாதிபதி, இன்னோரிடத்தில் இந்தியப் பருவமழை, மற்றோரிடத்தில் படையெடுத்து வந்தவர்களின் நாட்காட்டி. இலையுதிர்காலம் இதற்கு வசதியாக இருந்ததற்கு முக்கிய காரணம் மரங்கள் வெறுமையாவது அல்ல, களஞ்சியங்கள் நிறைவது. கையில் தானியம் இருக்கும் காலத்தில்தான் இன்னொருவருக்குக் கொடுக்க முடியும். குளூனியில் ஏழைக்கு, இங்கிலாந்தில் கதவைத் தட்டிய பிள்ளைக்கு, சீனாவில் பிக்குகளுக்கு. இறந்தவருக்கென்று எடுத்துவைத்த பங்கு கடைசியில் உயிரோடு இருக்கும் ஒருவரின் பசியைத்தான் ஆற்றுகிறது. மரணித்த பெற்றோருக்காக ஸதகா கொடுக்கும் நமக்கு இது விளங்காத விடயம் அல்ல.

"இவற்றையெல்லாம் கொண்டாடச் சொல்கிறீர்களா?" என்று கீழே ஒருவர் கேட்பார். இல்லை. அவர்கள் வழி அவர்களுக்கு, நம் வழி நமக்கு. அறிந்துகொள்ளச் சொல்கிறேன். அறியாமல் பழிக்க வேண்டாம் என்கிறேன்.

ஏனெனில் இது ஏட்டுப் பாடம் மட்டுமல்ல. நவம்பர் 2ஆம் திகதி மன்னாரிலும் நீர்கொழும்பிலும் கத்தோலிக்கச் சகோதரர்கள் சேமக்காலைகளில் மெழுகுதிரி ஏற்றுகிறார்கள். இங்கே இலையுதிர்காலமே இல்லை, மாரி மழைதான் பெய்கிறது. திகதி போர்த்துக்கீசருடன் கப்பலில் வந்தது. 1658க்குப் பின் ஒல்லாந்தர் கத்தோலிக்க வழிபாட்டைத் தடை செய்தார்கள். 1687இல் கோவாவிலிருந்து மறைவாக வந்த யோசேப் வாஸ் அடிகளார் அந்த மக்களை ஒன்றாகத் தாங்கிப் பிடித்தார். அந்த மெழுகுதிரிக்குப் பின்னால் இவ்வளவு வரலாறு இருக்கிறது.

தடை என்றால் என்னவென்று நமக்கும் தெரியும். 2020 ஏப்ரல் முதல் 2021 பெப்ரவரி வரை, கொவிட் நோயால் மரணித்தவர்களின் உடல்களை எரித்தே ஆக வேண்டும் என்ற விதி இந்நாட்டில் இருந்தது. 2021 மார்ச்சில் ஓட்டமாவடியில் முதல் ஜனாஸாக்கள் அடக்கப்படும் வரை நம் குடும்பங்கள் பட்ட வேதனையை இங்கே விபரிக்கத் தேவையில்லை. அந்த நாட்களில் பொரளை மயானத்தின் வேலியில் வெள்ளைத் துணி கட்டியவர்கள் முஸ்லிம்கள் மட்டுமல்ல. சிங்களவரும் தமிழரும் கட்டினார்கள். நம் கபனைப் பற்றியும் கப்ரைப் பற்றியும் அவர்களுக்கு நம்பிக்கை ரீதியான கடமை எதுவும் கிடையாது. நாம் நம் மௌத்தானவர்களுக்குச் செய்ய நினைத்ததை மதித்தார்கள், அவ்வளவுதான்.

ஆகவே இந்த முறை "சைத்தானின் பெருநாள்", "திருடிய திருநாள்" என்ற செய்தி உங்கள் கைத்தொலைபேசிக்கு வந்தால், முன்னனுப்புவதற்கு முன் மூன்று கேள்விகள் கேளுங்கள். இதற்கு மிகப் பழைய எழுத்து ஆதாரம் எது? அதை எழுதியவர் யார், அவருக்கு என்ன தேவை இருந்தது? இந்த நாளைக் குறித்தவர் யார்? வரலாறு கற்பிக்கும் ஆசிரிய நண்பர்கள் இந்த மூன்று கேள்விகளையும் வகுப்பில் ஒரு செயற்பாடாகவே கொடுக்கலாம். பிள்ளைகள் நம்மை விட நன்றாகச் செய்வார்கள்.

நம்மை விட்டுப் பிரிந்தவர்கள் அனைவரையும் அல்லாஹ் பொருந்திக்கொள்வானாக.

பிரயோசனமாக இருந்தால் பகிர்ந்துகொள்ளுங்கள். பிழைகள் கண்டால் ஆதாரத்தோடு கீழே எழுதுங்கள், படித்துக்கொள்கிறேன்.